பாதாள ரயிலுக்கு ஒரு பொய்ப் படம்

பூகோளப் படம் என்றால் அதில் பொய் இருக்கக் கூடாது. மைலுக்கு இத்தனை அங்குலம் என்று கணக்கு உண்டு. லண்டன் பாதாள ரயில் படங்களும் 1932 வரை பெரும்பாலும் இந்தத் தர்மத்தைக் காப்பாற்றத்தான் பாடுபட்டன. பலன்? நகரத்தின் நடுவே ஸ்டேஷன் பெயர்கள் தேர்த் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. புறநகர்ப் பாதைகளோ காகிதத்தின் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டன.

ஹாரி பெக் அந்த ரயில்வேயின் சிக்னல் ஆபீசில் தற்காலிகப் படவரைவாளர். இருந்தாற்போலிருந்து வேலை போய்விடும்; பிறகு கூப்பிடுவார்கள். மின்சாரச் சுற்றுப் படங்கள் போட்டுப் பழகிய கை. 1931இல், யாரும் கேட்காமலே, ஒரு புதுப் படம் போட்டார். பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலே தெரு எப்படி வளைந்தால் என்ன? எங்கே ஏறுவது, எங்கே வண்டி மாறுவது, எங்கே இறங்குவது, இவைதானே அவன் கவலை! ஆகவே பாதைகளைப் படுக்கையாகவும் நெட்டாகவும் 45 டிகிரிச் சாய்வாகவும் மட்டுமே இழுத்தார். நடு நகரத்தை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். தரைமேல் இருப்பவற்றில் தேம்ஸ் நதி ஒன்றுதான் தப்பியது.

‘இது மிகவும் புரட்சிகரமானது’ என்று விளம்பர இலாகா திருப்பியனுப்பியது. மனிதர் விடவில்லை. 1932இல் 500 பிரதிகள் வெள்ளோட்டம் விட்டார்கள். 1933 ஜனவரியில் லட்சக்கணக்கில் அச்சிட்டார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பெக்குக்குக் கிடைத்ததோ சில கினிகள். (ஒரு கினி என்பது 21 ஷில்லிங்.)

இந்தப் பொய்யில் வேடிக்கையும் உண்டு. லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூடக் கிடையாது. படத்தை நம்பும் புதிய ஆசாமி காசு கொடுத்து, ஆழத்தில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருப்பான். அதற்குள் நடந்தே போயிருக்கலாம்!

பெக் அந்தப் படத்தைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தார். புதுப் பாதை வரும்போதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து திருத்தினார். ஆனால் 1960இல் வெளிவந்த படத்தில் அவர் பெயர் இல்லை. விளம்பர அதிகாரி ஹட்சிஸனின் பெயர் இருந்தது. வளைவுகளெல்லாம் கூர்முனைகளாகியிருந்தன. ஆல்ட்கேட் என்ற பெயர், நடுவே பாதை போவதற்காக, ‘ஆல்ட்’, ‘கேட்’ என்று இரண்டு துண்டாகக் கிடந்தது. அதைப் பார்த்த பெக்கின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்தப் படம் சில வருஷங்களில் கைவிடப்பட்டது. ஆனால் பென்சில் பெக்கின் கைக்குத் திரும்பவில்லை. கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். வரவிருந்த விக்டோரியா பாதையையும் சேர்த்து, கேட்காமலே வரைந்தனுப்பினார்.

1974இல் பெக் காலமானார். இன்றைய படத்தின் அடியில், 1931இல் ஹாரி பெக் கண்ட அமைப்பிலிருந்து வளர்ந்தது இது என்று சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள்.