சொல்லாமல் கொடுத்த அதிகாரம்

நம் யானைக்கவுனிக்குப் பெயர் தந்த கவுனி, 18ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரைக் காக்க எழுந்த மதிலின் வாசல். இந்தப் பட்டணமே ஒரு ஏஜெண்ட் பேசி முடித்த நிலத்தில் வளர்ந்தது, தெரியுமா?

1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இந்தக் கடற்கரை நிலத்தைப் பேசிப் பெற்றவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே. துணை நின்ற துபாஷி பேரி திம்மப்பா. கோட்டைச் செலவைக் கண்டு லண்டன் இயக்குநர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் இடத்தை விடவில்லை. விடாததே சம்மதமாயிற்று.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. முகவரின் அதிகாரத்தை நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம் (பிரிவு 187). அதை ரத்து செய்தாலும், வெளியாருக்குத் தெரியும்வரை அவர்களைப் பொறுத்தவரை அது செல்லும் (பிரிவு 208).

உங்கள் சார்பில் கிரயம் பதிவு செய்யப் பவர் பத்திரம் வேண்டும். வாடகை வசூலுக்கு அது வேண்டாம். புரோக்கர் வசூலித்துத் தரும் வாடகையை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, பிறகு "அவர் யாரோ" என்று கைவிரிக்க முடியாது.

அவரை நிறுத்தினால், அன்றே குடித்தனக்காரருக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். வங்கியில் நான் கற்ற பாடமும் இதுதான்.