டீ பொட்டின் அடியில் ஒரு வைரம்



பழைய ஆங்கில டீ செட் ஒன்றைக் கண்டால் நாம் பூவையும் தங்கக் கோட்டையும்தான் பார்ப்போம். வரலாறு படிப்பவர்கள் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சிலவற்றின் அடியில் வைர வடிவில் ஒரு சிறு முத்திரை இருக்கும். அந்தப் பாத்திரத்தின் வடிவமோ அலங்காரமோ லண்டனில் பதிவு செய்யப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

பதிவு ஏன் தேவைப்பட்டது? 19 ஆம் நூற்றாண்டில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் ஆலைகளில் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்சிட்டு, கோப்பையிலும் பீரிசிலும் ஒட்டி எடுத்தார்கள். ஒருவர் புதிதாக வரைந்ததை அடுத்த ஆலை பார்த்துச் செதுக்குவது கடினமல்ல. ஆகவே 1839 இல் பதிவு முறை தொடங்கியது. 1842 ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. வரைபடத்தில் இரண்டு பிரதிகள் கொடுக்க வேண்டும். ஒன்று அலுவலகத்தில் தங்கும், மற்றது சான்றிதழோடு திரும்பி வரும். தங்கிய பிரதிகள் இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டீ பொட், பால் ஜக்கு, சீனிக் கிண்ணம் எல்லாம் அங்கே தாளில் உண்டு.

முத்திரையை வாசிப்பது இலகு. உச்சியிலுள்ள வட்டத்தில் ரோம எண் ஒன்று இருந்தால் உலோகம், மூன்று கண்ணாடி, நான்கு பீங்கான், மண்பாண்டம். மூலைகளில் ஆண்டு, மாதம், நாள், பொதி எண். ஆண்டு எழுத்துகள் அகரவரிசையில் வராது: 1842 க்கு எக்ஸ், 1843 க்கு எச். 1868 இல் மூலைகளின் ஒழுங்கும் மாறியது. 1884 முதல் வைரம் போய் வெறும் தொடரிலக்கம் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: இது பதிவான திகதி. பாத்திரம் செய்யப்பட்ட திகதி அல்ல.

இத்தனையும் சொல்லும் பதிவேடு, பெரும்பாலும் வரைந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. ஒருவர் கூலி பெற்று இன்னொருவருக்காக வரைந்தால், கூலி கொடுத்தவரே உரிமையாளர் என்றது 1842 சட்டம். அதனால் ஆலையின் பெயர் நின்றது, பென்சில் பிடித்த கை மறைந்தது. கிறிஸ்டோபர் டிரெஸர் போன்ற புகழ்பெற்றவர்கள் விதிவிலக்கு. பர்மிங்ஹாமின் ஹியூகின் அண்ட் ஹீத் நிறுவனம் தன் பாத்திரங்கள் சிலவற்றில் அவர் பெயரையும் பொறித்தது.

எழுத்தர்கள் தவறவிட்டதால் அந்தப் பெயர்கள் இல்லாமற் போகவில்லை. சட்டம் அவற்றைக் கேட்கவே இல்லை. எந்த ஆவணத்தை எடுத்தாலும், அது யாருக்காக எழுதப்பட்டது என்று முதலில் கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய ஆங்கிலப் பீங்கான் இருந்தால், பக்குவமாகக் கவிழ்த்துப் படமெடுத்துக் கொமெண்டில் போடுங்கள். சேர்ந்து வாசிப்போம், இன்ஷா அல்லாஹ்.