இலண்டன் மாநகரும் வீதி நெரிசலின் விலையும்

மாநகரொன்றின் செல்வம் அதன் சந்தைகளிலும் தொழிற்சாலைகளிலும் மட்டுமன்றி, அவற்றை இணைக்கும் வீதிகளிலும் தங்கியுள்ளது. வீதி அடைபடும்போது சரக்குத் தாமதிக்கின்றது. தொழிலாளியின் நேரம் வீணாகின்றது. அச்செலவு ஈற்றிற் பொருளின் விலையில் ஏறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1801இல் ஏறத்தாழப் 10 இலட்சமாயிருந்த இலண்டனின் குடித்தொகை, 1851இல் 23 இலட்சத்தைத் தாண்டியது. தேம்ஸ் நதிக்கு வடக்கே, நகர மையத்துட் புகையிரதப் பாதைகள் புகுதலாகாதென 1846ஆம் ஆண்டின் அரச ஆணைக்குழு விதந்துரைத்தது. நிலையங்கள் விளிம்பில் நின்றமையால், பயணிகளும் சரக்குகளும் குதிரை வண்டிகளிலேயே மையத்தை அடைய வேண்டியதாயிற்று. தூரத்தைச் சுருக்கிய புகையிரதமே வீதி நெரிசலைப் பெருக்கியது. சதக் பாலத்திலே சுங்கம் அறவிடப்பட்டமையால் வண்டிகள் அதனைத் தவிர்த்து, சுங்கமற்ற இலண்டன் பாலத்தில் முண்டியடித்தன. சதக் பாலச் சுங்கம் 1864இலேயே நீங்கியது.

இந்நிலையிலே நகராட்சியின் சட்டத்தரணியான சார்ள்ஸ் பியர்சன் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையொன்றை வலியுறுத்தினார். தொழிலாளர் நெருக்கமான சேரிகளை நீங்கிப் புறநகரில் வாழ்ந்து, குறைந்த கட்டணத்தில் வேலைக்கு வந்து செல்லவேண்டுமென்பது அவர் நோக்கம். நெரிசலால் வணிகம் நலியுமென அஞ்சிய நகராட்சியும் இம்முயற்சியில் 2 இலட்சம் பவுண் முதலிட்டது. 1863 ஜனவரி 10இல் பாடிங்டன் முதல் பரிங்டன் வரையான, ஏறத்தாழ 6 கிலோமீற்றர்ப் பாதை திறக்கப்பட்டது. அதனைக் காணாமலே பியர்சன் 1862இல் மறைந்தார்.

ஆயினும் பயன் யாவர்க்கும் ஒருங்கே கிட்டவில்லை. பாதைக்காகப் பரிங்டன் பகுதியில் ஏழைகளின் இல்லங்கள் இடிக்கப்பட்டன. அன்றாடம் வேலை தேடும் நாட்கூலிகள் தொழிலிடத்தை விட்டுத் தொலைவிற் குடியேற இயலாது, அயற் சேரிகளிலேயே மேலும் நெருங்கினர். தொழிலாளர்க்குரிய மலிவுக் கட்டண வண்டிகளைப் புகையிரதக் கம்பனிகள் நடத்தவேண்டுமென்ற சட்டம் 1883இலேயே வந்தது.

மோட்டார் வாகனங்களின் வருகையால் வீதிகள் மீண்டும் நிரம்பின. 1975இல் சிங்கப்பூர் காட்டிய வழியைப் பின்பற்றி, 2003 பெப்ரவரி 17இல் இலண்டனும் மையப்பகுதியில் நுழையும் வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண் அறவிடத் தொடங்கியது. முன்னர் பாலத்திற் கண்ட சுங்கம் புதிய நோக்குடன் திரும்பியதெனலாம். நெரிசலின் விலையை யாரோ ஒருவர் எக்காலத்திலும் செலுத்தியே வந்துள்ளார். அதனைச் செலுத்துபவர் யார் என்பதைக் கொண்டே மாநகரொன்றின் நீதியை மதிப்பிடல் வேண்டும்.