மீசோதீலியோமா: இல்லாத நோய் என்றார்கள்

பி.காம் படிக்கிறவனுக்குப் புற்றுநோயில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த நோயின் பெயர் ரிப்போர்ட்டில் வருகிறதா இல்லையா என்பதை வைத்து ஒரு பெரிய கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டே ஆட்டம் கண்டது. அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதன் மேல் வரிசையாகப் படிந்திருக்கும் செல்களில் தொடங்கும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. 1950களில் கூட, அப்படி ஒரு நோய் உண்டு என்பதையே பல நிபுணர்கள் ஏற்கவில்லை. "வேறு உறுப்பில் தோன்றிய புற்று உறைக்குப் பரவியிருக்கிறது, நீங்கள் சரியாகத் தேடவில்லை" என்பதுதான் அவர்கள் கட்சி.

இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டது தென்னாப்பிரிக்கா. கிம்பர்லி நகரின் காசநோய் மருத்துவமனையில் டாக்டர் ஸ்லெக்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நுரையீரல் உறையில் கோளாறு என்று வந்தவர்களில் மற்ற பகுதிக்காரர்கள் காசநோய் மருந்தில் தேறினார்கள். நகருக்கு மேற்கே இருந்து வந்தவர்களில் பலர் தேறவில்லை. மேற்கே இருந்தவை நீலக் கல்நார் சுரங்கங்கள். (கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான். நம் ஊர்க் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளை வகை. அதுவும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில்தான் இருக்கிறது.)

1956ல் வாக்னர் என்ற இளம் மருத்துவர், காசநோய் என்று கருதப்பட்ட ஒருவரைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது நெஞ்சுக்குள் கூழ் போன்ற பெரிய கட்டி இருந்தது. 1960ல் வாக்னர், ஸ்லெக்ஸ், மர்ச்சண்ட் மூவரும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கல்நார் தொடர்பு இருந்திருக்க வாய்ப்பு இருந்தது. இதில் என்னை உலுக்கியது, பலர் சுரங்கத்தில் வேலையே செய்ததில்லை என்பது. சின்ன வயதில் அந்தப் பக்கம் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். தூசி உள்ளே போய் 30, 40 வருடம் கழித்து நோய் வருகிறது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதுவும் நுரையீரல் புற்றான அடினோகார்சினோமாவும் ஒரே ஜாடை. 1975ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள் (1984ல் நோபல் பரிசு). குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியில் நிறத்தைச் சேர்த்துவிட்டால், அந்தப் புரதம் உள்ள செல் மட்டும் நிறம் காட்டும். 1990களில் கால்ரெட்டினின் என்ற புரதம் இதற்குக் கைகொடுத்தது. முதலில் கோழிக்குஞ்சின் விழித்திரையில் கண்டதால் வந்த பெயர் அது!

ஆனாலும் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பு சொல்வதில்லை. கால்ரெட்டினின், டபிள்யூடி-1 போன்றவற்றில் இரண்டாவது நிறம் காட்ட வேண்டும். கிளாடின்-4, டிடிஎஃப்-1 போன்ற எதிர்த்தரப்புக் குறியீடுகளில் இரண்டாவது காட்டாமல் இருக்க வேண்டும். அப்போதும் அது செல்லின் குலத்தைத்தான் சொல்லும், குணத்தைச் சொல்லாது. வெறும் அழற்சியில் பெருகிய சாதாரண உறைச் செல்லும் கால்ரெட்டினின் காட்டும். அங்கே பிஏபி1 புரதம் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். போயிருந்தால் புற்று என்ற பக்கம் தராசு சாயும். இருந்தால் மட்டும் புற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இப்போது கணக்கு. அமெரிக்காவின் பெரிய கல்நார் கம்பெனியான ஜான்ஸ் மேன்வில், நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, குவிந்த வழக்குகளைச் சமாளிக்க 1982ல் திவால் மனு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு டிரஸ்ட் உருவானது. அதன் 2002ஆம் ஆண்டு விதிப்படி மீசோதீலியோமாவுக்கு 3,50,000 டாலர் மதிப்பு. நுரையீரல் புற்று என்று ரிப்போர்ட் வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. நிறம் ஏறிய நாலு ஸ்லைடு இவ்வளவு பணத்தை முடிவு செய்கிறது. ஆனால் அது ஏட்டு மதிப்பு மட்டும்தான். டிரஸ்டில் பணம் போதாததால் அப்போது கையில் கொடுத்தது 5 சதவீதம், அதாவது 17,500 டாலர்.