வாசலுக்கு வந்த பண்டமும் பத்திரிகையும்: முள்ளியவளையின் அன்றாட வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

வன்னியின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பண்டாரவன்னியனிடமிருந்தே தொடங்குவர். 1803 இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியமையும், அதே ஆண்டிற் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றமையும் பலரும் அறிந்த செய்திகளே. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் குளங்களையும் வயல்களையும் குடித்தொகையையும் விரிவாகப் பதிவு செய்கின்றது. ஆயின், ஒரு கிராமத்தவர் உப்பையும் சீலையையும் எவரிடம் வாங்கினர், எதனை வாசித்தனர், வாசித்ததை எவரோடு பேசினர் என்னும் வினாக்களுக்கு இவ்வரலாறுகளில் விடை அரிது. இவை சில்லறை வினாக்கள் என ஒதுக்கப்பட்டமையே அதற்குக் காரணமாகலாம். இன்று கைத்தொலைபேசியினூடாகப் பண்டங்களை வீட்டுக்கு வரவழைப்பதும், அதிலேயே செய்தி வாசிப்பதும், அதிலேயே உறவினரோடு உரையாடுவதும் இயல்பாகிவிட்ட நிலையில், இச்சில்லறை வினாக்கள் மீள எழுகின்றன. வாங்குதல், வாசித்தல், அளவளாவுதல் ஆகிய மூன்றும் இன்று ஒரு கருவியில் ஒன்றுசேர்ந்திருப்பதைப் புதுமை எனக் கொள்வோர் பலர். முள்ளியவளை போன்றதொரு கிராமத்தின் பழைய வாழ்வை நோக்கின் இம்மூன்றும் முன்னரும் ஒன்றாகவே இருந்தன என்பது புலனாகும்.

முள்ளியவளை மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவில், கடற்கரையை அண்மித்து அமைந்த வயற்கிராமம். ஒருபுறம் காடும் குளமும், மறுபுறம் நந்திக்கடலும் அதற்கப்பாற் பெருங்கடலும் இருப்பதனால் நெல்லும் மீனும் எதிரெதிரே வந்து சந்திக்கும் இடமாக இது விளங்கியது. வைகாசியில் நிகழும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின் தொடக்கச் சடங்குகள் முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலிலேயே நிகழ்கின்றன. கடலிலிருந்து எடுத்துவரப்படும் நீரில் விளக்கேற்றும் மரபும் இவற்றோடு சேர்ந்ததே. இக்கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கோவலன் கூத்தும் இவ்வூருக்குரிய பெருங்கலையாகும்.

அச்சுநூல் பரவுமுன்னரும், பரவிய பின்னர் நெடுங்காலமும், வடபகுதிக் கிராமங்களில் வாசிப்பு என்பது தனியொருவர் மௌனமாகச் செய்யும் செயலாக இருக்கவில்லை. கோயில்களிற் புராணபடனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார், ஏனையோர் கேட்டிருப்பர். எழுத்தறியாதவரும் இவ்வகையில் ‘வாசித்தவரே’ ஆயினர். பிற்காலத்திற் பத்திரிகை கிராமத்துக்கு வந்தபோது அது புதியதொரு பழக்கத்தைத் தோற்றுவித்தது என்பதிலும், பழைய பழக்கத்தினுள்ளே புகுந்துகொண்டது என்பதே பொருந்தும். வாசிகசாலைத் திண்ணையில் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றொருவர் அதற்கு அரசியற் பயன் சொல்ல, பிறர் கேட்டிருந்து தலையசைத்தும் மறுத்தும் பேசிய காட்சி, புராணபடனத்தின் உலகியல் வடிவமே. அங்கே பயன் சொன்னவர் சிலவேளை பத்திரிகையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். அதுவும் மரபு வழிப்பட்டதே.

வணிகமும் இதைப்போன்றே முகம் பார்த்து நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டுவண்டிகளிற் பனம்பண்டங்களும் புகையிலையும் வன்னிக்கு வந்தன. திரும்பும் வண்டிகளில் நெல் சென்றது. கடற்கரையிலிருந்து மீனும் கருவாடும் தலைச்சுமையாகவும் பின்னர் சைக்கிளிலும் படலைவரை வந்தன. சீலைப்பொட்டளி சுமந்தோர், பாத்திரம் விற்போர், பழைய இரும்பு வாங்குவோர் என வாசலுக்கு வந்தோர் பலர். அறுவடைவரை பொறுத்திருந்து நெல்லாகப் பெற்றுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இவ்வணிகர் வெறுங்கையோடு வரினும் வெறும்வாயோடு வந்தவரல்லர். எவ்வூரிற் கலியாணம், எக்குளம் உடைத்தது, முல்லைத்தீவிற் படகுகள் எவ்வளவு மீனோடு கரை சேர்ந்தன என்னும் செய்திகள் பண்டத்தோடு சேர்ந்தே வந்தன. முற்றத்தில் நின்று விலை பேசும் பெண்ணுக்கு அச்செய்தியும் கொள்வனவின் ஒரு பகுதி.

1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியதும் மாங்குளம் முள்ளியவளைக்குரிய வாயிலாயிற்று. தபாற்பொதிகளும் பத்திரிகைக் கட்டுகளும் புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து தெருவழியே கிழக்கு நோக்கிச் சென்றன. 1930 இல் ‘வீரகேசரி’யும் ‘ஈழகேசரி’யும், 1932 இல் ‘தினகர’னும் தோன்றின, 1959 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ‘ஈழநாடு’ வெளிவரத் தொடங்கியபின் பிரதேசச் செய்திக்குப் புதியதோர் இடம் கிடைத்தது. பத்திரிகை வாங்க இயலாதோர் அதனை வேறொரு வழியிற் பெற்றனர் என்பதையும் ஈண்டு குறிப்பிடல் வேண்டும். கடையிற் சீனியும் மல்லியும் கட்டிக்கொடுத்த சரை பழைய பத்திரிகைத் தாளே. சரையைப் பிரித்து, தாளை நீவி, பாதியில் அறுந்த கதையை வாசித்தோர் ஒரு தலைமுறையினர். பண்டமும் வாசிப்பும் ஒரே பொதியில் வந்தன என்பதற்கு இதனிலும் நேரான சான்று வேண்டியதில்லை. பொதி கையிற் கிடைக்கும்போது பணம் செலுத்தும் வி.பி.பி. தபாலும் அக்காலத்ததே, நூல்களையும் மருந்துகளையும் அவ்வழியில் வரவழைத்தோர் இருந்தனர். இன்றைய இணையக் கடைகள் புதிதாகக் கண்டதுபோற் கூறும் முறை தபாற்காரரின் பையில் முன்னரே இருந்தது.

1970 களின் முற்பகுதி இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்றைய அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடு நகரத்தவருக்கு நீண்ட வரிசைகளையே தந்தது. சங்கக்கடையிற் பங்கீட்டுக்குக் காத்து நிற்றல் கிராமத்துக்கும் புதிதன்று. ஆயின் இறக்குமதி செய்யப்பட்ட மிளகாயும் வெங்காயமும் தடைப்பட்டமையால் வடபகுதி விவசாயியின் விளைச்சலுக்கு விலை கிடைத்தது. முத்தையன்கட்டு முதலிய குடியேற்றத் திட்டங்களில் இளைஞர் தோட்டஞ் செய்தனர். இதே கட்டுப்பாடு தமிழகத்துச் சஞ்சிகைகளையும் வரவொட்டாமற் செய்தது. ‘கல்கி’க்கும் ‘ஆனந்த விகட’னுக்கும் பழகிய வாசகருக்கு இது பேரிழப்பாகத் தோன்றியிருக்கும். அவ்வெற்றிடத்திலேயே வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் ஈழத்து நாவல்களைக் கொண்டுவந்தன. அவற்றுள் ஒன்று 1973 இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. அதன் ஆசிரியர் முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். அதன் களம் காட்டோரக் கிராமமான தண்ணிமுறிப்பு. முள்ளியவளை தந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் பண்டாரவன்னியனை நாடகமாக்கி முன்னரே வழிகாட்டியிருந்தார். மிளகாய்க்கு விலை தந்த கொள்கையே வன்னி வாசகருக்குத் தம் மண்ணின் கதையையும் தந்தது என்பது திட்டமிட்டு நிகழ்ந்ததன்று. கொள்கை வகுத்தோர் நிலக்கிளியைக் கனவிலும் கண்டிரார். எனினும் சந்தையும் வாசிப்பும் ஒரே கதவினூடாக வந்துபோவன என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது. 1977 இன் பின் கதவு திறந்தபோது மிளகாய் விலை வீழ்ந்தது. தமிழகச் சஞ்சிகைகள் மீண்டும் வந்தன. தண்ணிமுறிப்பு மக்களோ 1984 இல் தம் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர்.

1990 யூனில் மீண்டும் மூண்ட போர் அக்கதவை வேறுவகையில் அடைத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு மாவட்ட முஸ்லிம்களும் தம் இல்லங்களை இழந்தனர். தண்ணீரூற்றுப் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த அயலவர், வயலிலும் கடைத்தெருவிலும் கூடிப் பழகியோர், ஒருசில நாள்களில் இல்லாதுபோயினர். பொருளாதாரத் தடையைப் பற்றி நிறையப் பேசும் நாம், இவ்வெளியேற்றத்தால் அன்றாட வாழ்வில் விழுந்த வெற்றிடத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதியுள்ளோம். தடை வெளியிலிருந்து வந்தது. இது உள்ளிருந்து நிகழ்ந்தது. போர் முடிந்தபின் அவர்களிற் சிலர் மீண்டு வந்தனர்; பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர்.

தடைக்காலத்திற் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் ஆகியன வன்னிக்கு மறுக்கப்பட்டன. மண்ணெண்ணெய் அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குட் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெயில் எரியவிட்ட விளக்கே மாணவரின் இரவுப் படிப்புக்கு வெளிச்சம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். சுழற்றுபவர் களைத்தால் செய்தி நின்றுவிடும். ஆதலின் முறைவைத்துச் சுழற்றினர். பி.பி.சி. தமிழோசையை இவ்வாறு கேட்டவர் எவரும் தனித்துக் கேட்டவரல்லர். வட பகுதியிற் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பியின் கோடிட்ட தாள்களில் அச்சாகிய காலமும் அதுவே. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் பெயர்ந்தபின் அவர்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். அவர்களோடு எழுத்தாளரும் அச்சுத் தொழிலாளரும் வந்தனர். தட்டுப்பாடு மிக்க அவ்வாண்டுகளில் வாசிப்பு குன்றவில்லை. ஒரு பிரதி பலரின் கைகளினூடே சென்று கந்தலாகும்வரை வாசிக்கப்பட்டது. இதனைக் கொண்டு தடையைப் போற்றுவது பெருந்தவறு. பசித்தவன் பருக்கையையும் விடாது உண்பதைக் கண்டு பட்டினியைப் போற்றுவார் இலர்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. தென்னிலங்கைப் பண்டங்கள் லொறிகளில் வந்தன. புலம்பெயர்ந்தோரின் குரலைக் கேட்க மக்கள் தொலைத்தொடர்பு நிலைய வாசல்களிற் காத்திருந்தனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சிதைத்தது. 2006 ஓகஸ்டிற் பாதை மீண்டும் மூடியது. 2008 இன் இறுதியில் முள்ளியவளை வெறுமையாயிற்று. அங்கிருந்து கிழக்கே பெயர்ந்தோர் 2009 மே வரை உயிரொன்றையே சுமந்து திரிந்து, எஞ்சியோர் மெனிக் பாம் முகாமை அடைந்தனர்.

மீள்குடியமர்ந்த கிராமத்துக்கு வீட்டுக்கூரைக்கு முன்னரே தொலைபேசிக் கோபுரம் வந்தது எனின் மிகையாகாது. போர்க்காலம் முழுவதும் கைத்தொலைபேசிச் சேவை இல்லாதிருந்த மண் இது. தபாலிலிருந்தும் டைனமோ வானொலியிலிருந்தும் நேரே முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தாவியது. கனடாவிலிருக்கும் மகனும் முள்ளியவளையிலிருக்கும் தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர்; பொங்கல் நாளில் வற்றாப்பளை முற்றத்தை இலண்டனிலிருந்து பார்க்கின்றனர். இதன் அருமையைப் பிரிவை அறியாதவர் அளவிட இயலாது. வாசலுக்கு வருவோரும் மாறினர். இலங்கையெங்கும் இசையொலியோடு திரியும் பாண் முச்சக்கரவண்டி இங்கும் வருகின்றது. அவ்விசை பேத்தோவன் 1810 இல் இயற்றிய சிறு பியானோப் படைப்பு என்பது பாண் வாங்குவோருக்கு வேண்டாத செய்தி. தளபாடமும் தொலைக்காட்சியும் தவணைமுறையில் வந்தன. நுண்கடன் நிறுவனங்களின் முகவர் வாரந்தோறும் படலை திறந்தனர். அறுவடைவரை பொறுத்த பழைய வணிகனின் கடனுக்கும் வாரத் தவணைக்குமுள்ள வேறுபாட்டைப் போரிற் கணவரை இழந்த பெண்களே முதலில் உணர்ந்தனர். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனுக்கு நிவாரணம் அளிக்க அரசாங்கம் முன்வரும் அளவுக்கு அது பிரச்சினையாகியிருந்தது.

புதிய பாதையும் மூடத்தக்கதே. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. 2022 மார்ச்சில் அச்சுத்தாள் இன்மையாற் கொழும்பில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய ஏடுகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. தாளில்லாப் பத்திரிகையையும் எரிபொருளில்லா வண்டியையும் தென்னிலங்கை அவ்வாண்டிலேயே அறிந்தது. வன்னி 1990 களிலேயே அறிந்திருந்தது.

இன்றைய வாசிப்புக் குன்றிவிட்டது என்னும் முறைப்பாடு பல்கலைக்கழக மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. எழுத்தின் அளவை நோக்கின் இம்முறைப்பாடு நிற்காது. இன்றைய இளைஞன் நாளொன்றில் வாசிக்கும் வரிகளை அவன் பாட்டன் ஒரு வாரத்திலும் வாசித்திரான். மாறியிருப்பது பயன் சொல்லுபவரே. திண்ணையிற் பயன் சொன்னவரை அனைவரும் அறிவர். அவர் கட்சியும் கோபமும் அறிவர். அவர் கூற்றிற் பாதியைத் தள்ளிக் கொள்ளவும் அறிவர். கைத்தொலைபேசியில் வரும் செய்திக்குப் பயன் சொல்லுபவரின் ஊர் தெரியாது. எதனை முதலிற் காட்டுவதென்று தீர்மானிக்கும் பொறிக்கு முகமே இல்லை.

வரலாற்று மாணவருக்கு மற்றுமொரு கவலை உண்டு. பழைய கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. எவர் எப்போது என்ன வாங்கினார், எந்த மாதத்தில் நெருக்கடி, எந்த அறுவடையிற் கடன் தீர்ந்தது என்பன அதில் இருந்தன. வாசிகசாலைகளிற் பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. வீடுகளில் வெளிநாட்டுக் கடிதங்கள் இருந்தன. 2009 இன் இடப்பெயர்வில் இவை பதுங்குகுழிகளிலும் தெருவோரங்களிலும் கைவிடப்பட்டன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அச்சேறிய ஏடுகளைத் தேடிச் சேர்க்கின்றது. அச்சேறாத கணக்குக் கொப்பிக்கு மறுபிரதி எங்கும் இல்லை. இன்று முள்ளியவளையார் வாங்கும் ஒவ்வொரு பொருளும் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகின்றன; அப்பதிவேடு கொழும்பிலும் கடல்கடந்த நகரங்களிலும் உள்ள கணினிகளில் இருக்கின்றது. முந்திய காலத்தைப் பொறுத்தவரை முதியோரிடம் கேட்டறிதல் ஒன்றே எஞ்சிய வழி. சரைத்தாளில் ‘ஈழநாட்டை’ வாசித்த பிள்ளைகள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.