பஞ்சத்தின் நினைவும் விசுவாசமும்: பண்டிதை ரமாபாயின் கேட்காவ்

இந்தியக் கிறித்தவ வரலாற்றில் துன்பமும் நம்பிக்கையும் ஒருங்கே பேசப்படும்போது, நம்பிக்கை என்பது பெரும்பாலும் ஆறுதல் என்றே பொருள்கொள்ளப்படுகிறது. பண்டிதை ரமாபாயின் (1858–1922) வாழ்க்கை இந்தப் பொருளுக்குள் அடங்குவதில்லை. அவருக்கு விசுவாசம் துன்பத்தை மறக்கச் செய்யவில்லை. பழைய துன்பத்தின் நினைவைப் பிறருக்கான கடமையாக மாற்றியது.

அனந்த சாஸ்திரி டோங்ரே என்ற வேதவிற்பன்னரின் மகளாக மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தவர் ரமாபாய். பெண்ணுக்கு வடமொழிக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில், தந்தை தம் மனைவிக்கு அம்மொழியைக் கற்பித்தார். தாயிடமிருந்து அது மகளுக்கு வந்தது. திருத்தலம் திருத்தலமாகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்த அக்குடும்பத்தைச் சென்னை மாகாணப் பஞ்சம் சூழ்ந்தது. அது 1876–77இல் உச்சம் கண்டது எனினும், அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. உயர்குலப் பெருமை கூலிவேலைக்கும் பிச்சைக்கும் இடம் தரவில்லை. காட்டிலே உயிர்விடத் துணிந்து, இலைகளையும் காட்டு ஈச்சம்பழங்களையும் தின்று பதினொரு நாள் கிடந்ததை அவர் பின்னாளில் எழுதினார். தந்தை, தாய், தமக்கை மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் நாடெங்கும் நடந்தனர். ஜீலம் ஆற்றங்கரையில் குளிருக்குப் போர்வையின்றி, குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மணலால் உடலை மூடிக்கொண்டு படுத்த இரவுகளும் அவற்றுள் அடங்கும்.

1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் சாதி கடந்து மணந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி, 1882இல் காலராவுக்குப் பலியானார். கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் தனித்து நின்றார்.

1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் அவர் திருமுழுக்குப் பெற்றது வரலாற்றறிஞரிடையே இன்றும் விவாதப் பொருள். உடன் வந்திருந்த தோழி அதற்குச் சற்று முன்னர் தற்கொலை செய்துகொண்டார். எனவே, அந்நிய நாட்டில் ஆதரவற்று நின்ற ஒரு பெண்ணின் மனத்தளர்வாக இதைக் காண்போர் உண்டு. பிராமணிய ஆணாதிக்கத்துக்கு எதிரான கலகமாகக் காணும் வாசிப்பை உமா சக்கரவர்த்தி போன்றோர் முன்வைத்தனர். ரமாபாய் தாமே தரும் விளக்கம் மிக எளிது. லண்டனின் ஃபுல்ஹம் பகுதியில், சமூகம் ஒதுக்கிய பெண்களை அருட்சகோதரிகள் அன்புடன் பேணுவதை அவர் கண்டார். அதற்குக் காரணம் வினவியபோது, யோவான் நற்செய்தியில் கிணற்றடியில் இயேசுவோடு உரையாடும் சமாரியப் பெண்ணின் கதையை அவர்கள் வாசித்துக் காட்டினர். அவரை ஈர்த்தது கோட்பாடன்று, தள்ளப்பட்ட பெண்ணுக்கு அம்மதத்தில் இருந்த இடமே. திரித்துவம் குறித்தும் திருச்சபையின் அதிகாரம் குறித்தும் தம் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினோடு அவர் கடிதங்களில் இடைவிடாது வாதிட்டார். கேள்வி கேட்கும் உரிமையைத் துறந்து பெற்ற விசுவாசம் அன்று அது.

1896இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியது. அப்போது அவர், 1889இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதன் என்னும் விதவையர் பள்ளியைப் பூனாவில் நடத்திவந்தார். பசியை உடலால் அறிந்தவராதலின், செய்தி வாசித்து இரங்குவதோடு நிற்க இயலவில்லை, நேரில் சென்றார். அரசின் நிவாரண முகாம்களிலேயே இளம்பெண்கள் சூறையாடப்படுவதைக் கண்டு வெளிப்படையாக எழுதினார். ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். பிளேக் பரவிய பூனாவில் அவர்களைத் தங்கவைக்க அதிகாரிகள் இசையவில்லை. பள்ளிக்கு வருவாய் தரும் பழத்தோட்டத்துக்காக கேட்காவில் முன்பே வாங்கியிருந்த நிலமே புகலிடமாயிற்று. அதுவே முக்தி. 1899–1900 குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கு வாழ்ந்தோர் தொகை 2,000ஐ நெருங்கியது. கிணறு வெட்டுதல், பயிர்த்தொழில், நெசவு, அச்சுத்தொழில் யாவும் பெண்களாலேயே நடந்தன. பார்வையற்றோருக்கு பிரெயில் எழுத்தைக் கற்பித்தவர் மனோரமா.

இங்கே ஒரு கடினமான வினாவைத் தவிர்க்க முடியாது. சோறிட்ட கையே திருமுழுக்கையும் நீட்டும்போது, பசித்த சிறுமியின் விசுவாசம் எவ்வளவு சுதந்திரமானது? சமயச் சார்பற்றதாகத் தொடங்கிய சாரதா சதனில் மதமாற்றம் நிகழ்வதாக எழுந்த பூசலில், 1893இலேயே ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகியிருந்தனர். முக்தியில் கிறித்தவம் ஒளிவுமறைவின்றி மையமாயிற்று. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ரமாபாயின் நல்லெண்ணம் அழித்துவிடாது. எனினும் அப்பெண்களுக்கு அன்று திறந்திருந்த பிற கதவுகள் எவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்: பட்டினிச்சாவு, தரகரின் பிடி, முகாம் காவலனின் வன்முறை. மாற்றத்தைக் கண்டித்தோர் பலரிடம் அச்சிறுமியருக்கு வேறொரு வீடு இருக்கவில்லை.

இறுதி ஆண்டுகளில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, முழு விவிலியத்தையும் மராத்தியில் பெயர்த்தார். பண்டிதர் மெச்சும் வடமொழி நடையை, அதில் தேர்ந்த அவரே ஒதுக்கினார். கிராமத்துப் பெண்ணுக்குப் புரியும் மொழியை நாடினார். பஞ்சத்திலிருந்து மீண்ட பெண்கள் எழுத்துக் கோத்து அச்சிட்டனர். 1921 ஜூலையில் மனோரமா இறந்தார். தம் குடும்பத்தில் கடைசியாக எஞ்சிய உயிரையும் இழந்த பின்னும் அவர் மெய்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். நூல் 1924இல் வெளிவந்தது.

துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு விடையை அவர் வாழ்க்கையில் தேடுவோர் ஏமாறக்கூடும். பசியால் மூவரை இழந்த ஒரு பெண், பசித்த 2,000 பேருக்கு இடம் தேடிய வரலாறே அங்குக் கிடைக்கிறது. அவருடைய நம்பிக்கையை ஆராய்வோர், அவர் எழுதிய சாட்சியத்தோடு முக்தியின் கிணறுகளையும் அச்சுக்கூடத்தையும் சான்றுகளாகக் கொள்வதே முறை.