குவளையின் வாயும் குடிப்பவர் நாவும்

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகப் பாத்திர வியாபாரம் செய்பவன். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம், பிறப்பால் தமிழ்ச் சமணன். படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் வராத நேரத்தில் படித்ததுதான். குற்றம் குறை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற பொங்கல் விழாவன்று, கொண்டாப்பூரில் ஒரு குடியிருப்பின் மாடியில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், இங்க பீர் காய்ச்சி விக்கிற இடங்கள்ல ஒவ்வொரு பீருக்கும் ஒவ்வொரு மாதிரி கிளாஸ்ல ஊத்தித் தர்றாங்க. ஒண்ணு டூலிப் பூ மாதிரி, ஒண்ணு நெட்டையா, ஒண்ணு கைப்பிடி வச்சது. நிஜமாவே ருசி மாறுமா, இல்ல காசு புடுங்கற வேலையா? நீங்கதான் பாத்திரக்காரராச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். சமணன் வீட்டில் கள்ளும் கூடாது, தேனும் கூடாது. அவனிடம் போய் பீர் கிளாஸ் கதை! நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

ருசி மாறுமா?

முதலில் தம்பிக்குப் பதில். மாறும், ஆனால் விற்பவர் சொல்லும் அளவுக்கு அல்ல.

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது நினைவிருக்கலாம். 1901இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம் அது. நாக்கின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். ஆகவே, "இந்தக் கிளாஸ் பானத்தை நாக்கின் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

மூக்கின் கதை வேறு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. 2015இல் டோக்கியோ ஆய்வாளர்கள், ஆவியாகும் சாராயச் சத்தைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 13 டிகிரி குளிர்ச்சியில், வயிறு பருத்து வாய் குறுகிய ஒயின் கிளாஸில் அந்த ஆவி விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றது. நடுவில் குறைவு. மூக்கை நடுவில் வைத்தால் காட்டம் குறைந்து மணம் தெரியும். நேரான கிளாஸில் அந்த வளையம் இல்லை. பீரை வைத்தே 2017இல் ஓர் ஆய்வு வந்தது. வளைந்த பக்கங்கள் உள்ள கிளாஸில் குடித்தவர்கள், அதே பீரில் பழவாசனை கூடுதல், சுவையும் அழுத்தம் என்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 160 பேரை வைத்துச் சோதித்தார்கள். நேரான கிளாஸில் பீர் குடித்தவர்கள், வளைந்த கிளாஸில் குடித்தவர்களைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு மெதுவாகக் குடித்தார்கள். வளைந்த கிளாஸில் பாதி எது என்று கண் தப்புக்கணக்குப் போடுவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ருசியை மட்டுமல்ல, குடிப்பவன் வேகத்தையும் பாத்திரம் மாற்றுகிறது. தம்பிமார் கவனிக்க!

வடிவத்தை முடிவு செய்தது யார்?

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வரலாற்றுப் பைத்தியம் பிடித்தவனுக்கு அடுத்த கேள்வி எழுந்தது. பாத்திரத்தின் வடிவத்தை நாக்கா முடிவு செய்தது?

பழைய சுமேரியர்கள் பெரிய ஜாடியில் பீரை வைத்து, நீண்ட குழலால் உறிஞ்சினார்கள். ஊர் நகரத்தில் 1920களில் உல்லி தோண்டியெடுத்த அரசி புவாபியின் கல்லறையில் பொன்னும் வெள்ளியும் சேர்ந்த குழல்களே கிடைத்தன. குழல் எதற்கு? மேலே மிதக்கும் உமியும் சக்கையும் வாய்க்கு வராமல் இருக்க. அங்கே வடிவத்தை முடிவு செய்தது சக்கை. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் தெளிந்த பொன்னிற பீரைக் காய்ச்சினார்கள். மண் குவளையிலும் ஈயக் குவளையிலும் அந்த நிறத்தை யார் பார்ப்பது? கண்ணாடி மலிவாகக் கிடைக்க, பீர் கண்ணாடிக்கு மாறியது. அங்கே முடிவு செய்தது கண்.

நம் நாட்டுக்கு வருவோம். நாம் குடியிருக்கும் கொண்டாப்பூரின் பெயரிலேயே சங்காரெட்டி மாவட்டத்தில் இன்னொரு கொண்டாப்பூர் உண்டு. சாதவாகனர் காலத்து ஊர். 1940களின் தொடக்கத்தில் நிஜாமின் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. அருங்காட்சியகத்தில் மண்பாண்டங்களையும் காசுகளையும் பார்த்துவிட்டு வந்தேன். ரோமாபுரியோடு தொடர்பிருந்த ஊர் அது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஒடுங்கிய கழுத்து, கூம்பிய அடி. கப்பலில் நெருக்கி அடுக்கவும், வாயை அடைத்து மூடவும் ஏற்ற வடிவம். அத்தகைய சாடிகளின் உட்புறம் பிசின் பூசுவது வழக்கம், அந்த வாசனை மதுவில் ஏறும்.

அந்த யவன மது பாண்டியன் அரண்மனையில் பொற்கலத்தில் ஊற்றப்பட்டதை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். திருமுருகாற்றுப்படையின் குன்றக் குறவர்களோ மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைக் குடிக்கிறார்கள். பொன்னால் மதுவுக்கு ருசி கூடாது. ஆனால் குடிப்பவன் அரசன் என்பது தெரியும். மூங்கில் வாசனை ஏற்றும், ஆனால் அது அரண்மனைக்குள் போகாது. அப்போதே பாத்திரம் ஆளைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

பாத்திரமே பானத்தை மாற்றும் இடமும் நம் தென்பாண்டிச் சீமையில் உண்டு. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, கலயத்தின் உட்பூச்சுதான் வேறு. அந்தப் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு போட்டுக் குடித்தால், ஓலை வாசனையும் சேர்ந்து வரும். அதையே எவர்சில்வர் டம்ளரில் குடித்துப் பாருங்கள், பாதி சுகம் போய்விடும். இதை நான் குடித்து அறிந்தே சொல்கிறேன்.

டம்ளரின் விளிம்பு

நம் டவரா டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் விரிந்து, விளிம்பு வெளியே மடிந்திருக்கும். சூடான காபியை விளிம்பில் பிடித்துத் தூக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அண்ணாந்து குடிக்கும்போது வழிந்து கழுத்தில் இறங்காமல் நேராக வாய்க்குள் விழும். அண்ணாந்து குடித்தால் மூக்கு டம்ளருக்குள் போகாது. வெள்ளைக்காரன் மூக்கை நுழைக்கக் கிளாஸ் செய்கிறான், நாம் உதடுகூடப் படாமல் இருக்க டம்ளர் செய்தோம். ஆற்றும்போது எழும் நுரையும் மணமும் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும் என்பது என் கருத்து.

உதடு ஏன் படக் கூடாது? எச்சில். எச்சிலைச் சுத்தம் என்று மட்டும் பார்த்தால் தப்பில்லை. ஆனால் அதன் பின்னாலேயே தீட்டு என்பதும் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குச் சிரட்டை, அல்லது தனியாகத் தொங்கும் டம்ளர். இரட்டைக் குவளை என்று பெயரே உண்டு. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உணவு விடுதிகளில் பொது உபயோகத்துக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு நாட்டின் சட்டம் டம்ளரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது!

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் வந்து பதினைந்து ஆண்டு கழித்தும், எங்கள் அப்பாவின் கடைக்குப் பின்புற ஜன்னலில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். மூட்டை இறக்க வருபவருக்கு அதில்தான் தண்ணீர். ஊற்றிக் கொடுத்தவன் சிறுவனான நான்தான். எறும்புக்கும் தீங்கு நினையாதே என்று பாட்டி சொல்லிக்கொடுத்த வீடு அது. நீரைத் துணியில் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத உயிரைக் காப்பாற்றிவிட்டு, கண்ணெதிரே நின்ற மனிதருக்கு வேறு டம்ளர் நீட்டினோம். கடையில் விற்கும் பாத்திரத்துக்கெல்லாம் பெயர் வெட்டித் தருவோம். அந்த டம்ளருக்கு மட்டும் பெயரில்லை. அந்தத் தண்ணீர் அவருக்கு எப்படி ருசித்தது என்பதை எந்த டோக்கியோ கேமராவும் படம் பிடிக்காது.

கொண்டாப்பூரில்

ஹைதராபாத் இரானி ஹோட்டலில் கோப்பையும் சாசரும் பார்த்திருப்பீர்கள். சாசரில் ஊற்றினால் பரப்பு கூடும், சூடு தணியும், மணம் மூக்குக்கு நேராக வரும். நான் 1985இல் இந்நகருக்கு வந்தபோது என்னைக் கவர்ந்தது ஆனால் வேறு. எல்லோருக்கும் ஒரே கோப்பை. கழுவி அடுத்தவருக்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பால்கனித் திட்டில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுடையது. நாங்கள் யாரும் "தீட்டு" என்று சொன்னதில்லை. "அது அவங்க டம்ளர்" என்றுதான் சொல்வோம். என் கடையிலிருந்து வந்த டம்ளர். மறுநாள் அதைப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிட்டேன்.

அந்த அம்மா வந்து தெலுங்கில், "என் கிளாஸ் எங்கே?" என்று தேடினார். என் மனைவி அலமாரியிலிருந்து எங்கள் டவரா டம்ளரை எடுத்துக் காபி கொடுத்தாள். வாங்கினார், சற்றுத் தயங்கினார், பிறகு அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார். மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அப்படித்தான் குடிக்கிறார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

தம்பி, கிளாஸின் வடிவம் ருசியை மாற்றும், கொஞ்சம். அதைவிட அதிகமாக மாற்றுவது அது எந்த அலமாரியிலிருந்து வருகிறது என்பது. இதைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் வீட்டுப் பால்கனியை ஒரு தரம் எட்டிப் பார்க்கும்படி வேண்டி முடிக்கிறேன்.